அணுமின் நிலையங்களில் கட்டுச்சுவர்களை வலுப்படுத்துதல்: இழைப் பாலிமரின் பயனும் எல்லையும்

அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு என்றவுடன் அணு உலையும், அதனைச் சூழ்ந்து நிற்கும் கனத்த கான்கிரீட் கவசமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் நிலையம் அந்த ஒரு கட்டடத்தால் மட்டும் ஆனதன்று. கட்டுப்பாட்டு அறை, மின்கல அறை, கேபிள் அறை, டீசல் மின்னாக்கி அறை, காற்றோட்டக் கருவி அறை எனப் பல துணை அறைகள் அதனைச் சேர்ந்தவை. உலை நின்றுவிட்ட பின்னரும் எரிபொருளில் வெப்பம் தொடர்ந்து எழுவதால், அதனைத் தணிக்கும் பம்புகளும் அவற்றுக்கு மின்சாரம் தரும் கருவிகளும் இடைவிடாது இயங்க வேண்டும். அக்கருவிகள் பெரும்பாலும் இத்துணை அறைகளில்தான் உள்ளன.

பல நாடுகளின் பழைய நிலையங்களில் இத்தகைய அறைகளைப் பிரிக்கும் சுவர்களில் ஒரு பகுதி, செங்கல்லையோ கான்கிரீட் கல்லையோ சாந்து வைத்து அடுக்கிக் கட்டப்பட்டது. இவற்றைக் கட்டுச்சுவர் எனலாம். செலவு குறைவு, விரைவில் கட்டலாம், பெரிய கருவியை வெளியே எடுக்க நேர்ந்தால் பிரித்துவிட்டு மீண்டும் கட்டலாம் என்பன இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள். கட்டடத்தின் பாரத்தைத் தாங்காத சுவர் என்பதால் இதன் வலிமையைப் பற்றி அக்காலத்தில் அதிகம் கவலைப்படவில்லை.

1980-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு

இக்கருத்தை மாற்றிய நிகழ்ச்சி அமெரிக்காவில் நேர்ந்தது. ஆரிகன் மாநிலத்தில் இயங்கிவந்த டிரோஜன் அணுமின் நிலையத்தில், குழாய்களைத் தாங்கி நின்ற கட்டுச்சுவர்களின் வலிமை போதாது என்ற ஐயம் 1979-ஆம் ஆண்டில் எழுந்தது. இதனைத் தொடர்ந்து அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1980 மே மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்புக் கருவிகளுக்கு அருகிலுள்ள, அல்லது அவற்றைத் தாங்கும் கட்டுச்சுவர்கள் அனைத்தையும் நிலையங்கள் இனங்கண்டு, அவற்றின் வலிமையை மறுமதிப்பீடு செய்யவேண்டும் என்று அவ்வறிக்கை பணித்தது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சுவரின் முக்கியத்துவம் அது எதைத் தாங்குகிறது என்பதைக் கொண்டு மட்டும் முடிவு செய்யப்படவில்லை. அது விழுந்தால் எதன் மீது விழும் என்பதைக் கொண்டும் முடிவு செய்யப்பட்டது. வெறும் தடுப்புச் சுவரும், பக்கத்தில் மின்பலகை இருந்தால் பாதுகாப்புச் சுவராகிவிடுகிறது.

நிலநடுக்கத்தில் சுவர் படும் பாடு

கட்டுச்சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகவும் குறைவு. நிலம் பக்கவாட்டில் அசையும்போது சுவர் முன்னும் பின்னுமாக வளைகிறது. வளையும்போது ஒரு முகம் அழுந்த, மறுமுகம் இழுபடுகிறது. இழுபடும் முகத்தில் சாந்து மூட்டுகள் விரிசல் விட, கற்கள் சரியத் தொடங்குகின்றன.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 20 செ.மீ. கனமுள்ள திண்மக் கான்கிரீட் கல் சுவரின் எடை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ. 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சுவர் 6 டன் எடையுள்ளதாகும். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அசைவு ஏற்பட்டால், 1.2 டன் எடைக்குச் சமமான விசை அதனைப் பக்கவாட்டில் தள்ளும். மேல்தளங்களில் அசைவு பெருகுவதால் விசையும் கூடும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வழக்கமான முறைப்படி சுவரின் இருபுறமும் கம்பி வலையுடன் 5 செ.மீ. கான்கிரீட் போர்த்தினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ எடை கூடுகிறது. 6 டன் சுவர் 9.6 டன் ஆகிறது. நிலநடுக்க விசையும் அதே விகிதத்தில் உயர்கிறது. அதனைத் தாங்கும் தளமும் உத்திரமும் போதுமா என்பதை மீண்டும் கணக்கிட வேண்டும். குறுகலான அறையில் 10 செ.மீ. இடம் குறைவதும் சிறு இழப்பன்று.

இழைத் துணியும் பசையும்

இழை வலுவூட்டிய பாலிமர் என்பது கார்பன், கண்ணாடி அல்லது அராமிட் இழைகளை எபாக்சி போன்ற பசையில் தோய்த்து உருவாக்கும் கூட்டுப்பொருள். இழுவிசையை இழை தாங்குகிறது. பசை இழைகளை ஒன்றாகப் பிணைத்து, விசையைச் சுவரிலிருந்து இழைக்குக் கடத்துகிறது. கார்பன் இழையின் இழுவலிமை சாதாரணக் கட்டுமானக் கம்பியைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அதன் அடர்த்தியோ எஃகின் கால் பங்குக்கும் குறைவு. எனவே சுவரில் கூடும் எடை சதுர மீட்டருக்குச் சில கிலோ மட்டுமே.

பணிமுறை எளிது, ஆயினும் ஒழுங்கு மிக வேண்டும். முதலில் சுவரின் வண்ணப்பூச்சையும் தூசியையும் தேய்த்து அகற்றி, பள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்துகின்றனர். அடிப்பூச்சுக்குப் பின், பசையில் தோய்த்த துணியை ஒட்டி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகின்றனர். பசை இறுகியபின், சுவரைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி எழும் இடங்களைக் குறிக்கின்றனர். ஒரு சிறு தகட்டை ஒட்டி இழுத்துப் பார்த்துப் பிணைப்பின் வலிமையையும் அளக்கின்றனர். சுவர் இருதிசையிலும் வளையுமாதலால், இயன்றவரை இரு முகங்களிலும் இதனைச் செய்தல் நன்று.

அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஒகோனி அணுமின் நிலையம் இம்முறைக்கு எடுத்துக்காட்டாகும். அங்குத் துணைக் கட்டடத்தின் கட்டுச்சுவர்களைச் சூறாவளிச் சுழற்காற்றின் அழுத்தத்திற்கு எதிராக இழைப் பாலிமரால் வலுப்படுத்த 2006-ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் அனுமதி கோரப்பட்டது. பின்னர் அனுமதியும் கிடைத்தது. கட்டுச்சுவர்களுக்கு இப்பொருளைப் பயன்படுத்துவது பற்றிய தனி வழிகாட்டியை அமெரிக்கக் கான்கிரீட் கழகம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

செலவுக் கணக்கு

கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டால், கார்பன் இழை எஃகைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. ஆனால் அணுமின் நிலையத்தில் பொருளின் விலை மட்டும் செலவாகாது. தாராப்பூரின் முதல் இரண்டு அலகுகளும் தலா 160 மெகாவாட் திறனுடையவை. அத்தகைய அலகு ஒன்று முழுத்திறனில் ஒரு நாள் இயங்கினால் 38.4 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். 220 மெகாவாட் அலகாயின் 52.8 லட்சம் யூனிட். சுவர்ப் பணிக்காக நிலையத்தை ஒரு நாள் கூடுதலாக நிறுத்தினால் நேரும் இழப்பு இது. திட்டமிட்ட நிறுத்தக் காலத்திற்குள் பணி முடியுமாயின், விலை உயர்ந்த பொருளே சிக்கனமானதாகிவிடக்கூடும். கதிர்வீச்சுள்ள பகுதியில் பணியாளர் செலவிடும் நேரம் குறைவதும் மதிப்பிட்டுக் கணக்கில் கொள்ளவேண்டிய நன்மையாகும்.

எல்லைகள்

இழைப் பாலிமர் எல்லா நோய்க்கும் மருந்தன்று. முதலாவது, அது பெரும்பாலும் இழை அறுந்து தோற்பதில்லை. சுவரிலிருந்து உரிந்து தோற்கிறது. ஆகவே வடிவமைப்பில் இழையின் முழு வலிமையில் ஒரு பகுதியே கணக்கில் கொள்ளப்படுகிறது. இரண்டாவது, சுவரின் விளிம்புகள் தளத்தோடும் உத்திரத்தோடும் பிணைக்கப்படாவிட்டால், வலுவூட்டிய சுவர் உடையாமல் அப்படியே ஒரே பலகையாகச் சாயும். எனவே விளிம்புகளை எஃகுக் கோணச் சட்டங்கள் முதலியவற்றால் பிணைப்பது தனிப் பணியாகும்.

மூன்றாவது, தீ. சாதாரண அறை வெப்பநிலையில் இறுகும் எபாக்சி பசைகள் ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியசிலேயே நெகிழத் தொடங்குகின்றன. தகுந்த காப்பின்றி அவை எரியவும் கூடும். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில், காற்றுக் கசிவைச் சோதிக்க ஏற்றிய மெழுகுவர்த்தியால் கேபிள் துளைகளை அடைத்திருந்த நுரைப்பொருள் தீப்பற்றியது. கேபிள்கள் பெருமளவில் எரிந்தன. 1993 மார்ச் 31 அன்று நமது நரோரா நிலையத்தில், சுழலியின் அலகுகள் முறிந்து தீ மூண்டு, கேபிள்கள் எரிந்து, நிலையம் பல மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. இந்த இரு நிகழ்ச்சிகளையும் அறிந்தவர், கேபிள் அறையின் சுவரில் எரியக்கூடிய பொருளை ஒட்டுமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பர். தீயில் பாலிமர் பயனற்றுப் போனாலும், சுவர் தன் சொந்த எடையில் நிற்கவேண்டும் என்பதே ஏற்ற விதி.

இவற்றோடு வேறு சில கேள்விகளும் உள்ளன. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மின்பலகைகளுக்கு அருகில் கண்ணாடி இழை பொருத்தமாகலாம். ஈரமும் நீண்டகாலக் கதிர்வீச்சும் பசையை என்ன செய்யும் என்பதும் ஆராயப்படவேண்டும். பிரித்தெடுப்பதற்கென்றே கட்டிய சுவரின் மீது துணியை ஒட்டிவிட்டால், அந்த வசதி போய்விடும்.

நிர்வாகத்திற்குரிய பாடம்

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தாராப்பூரின் முதல் இரு அலகுகள், பின்னாளில் நிலநடுக்க நோக்கிலும் மறுமதிப்பீடு செய்யப்பட்டு, 2005–06-இல் நிறுத்தப்பட்டு மேம்படுத்தப்பட்டன. கட்டியபோது வழக்கில் இருந்த விதிகளோடு நிலையத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நார்த் அன்னா நிலையத்தில் அதிர்வு வடிவமைப்பு அளவைத் தாண்டியது. பாதுகாப்புக் கருவிகளுக்குக் குறிப்பிடத்தக்க சேதம் காணப்படவில்லை. ஆயினும் அதனை ஆய்ந்து உறுதிசெய்து, மீண்டும் இயக்க அனுமதி பெறுவதற்கு நவம்பர் மாதம் வந்துவிட்டது. சேதம் இல்லை என்பதை மெய்ப்பிப்பதற்கும் காலமும் பொருளும் செலவாகின்றன. ஒவ்வொரு சுவரும் எங்கே உள்ளது, எதனால் கட்டப்பட்டது, அருகில் என்ன உள்ளது, முன்பே இருந்த விரிசல்கள் எவை என்ற பதிவேடு கையில் இருந்தால் அப்பணி எளிதாகும்.

ஆகவே இழைத் துணியை வாங்குவது இப்பணியின் முதற்படி அன்று. முதற்படி கணக்கெடுப்பு, இரண்டாவது, விழுந்தால் கேடு விளைக்கும் சுவர்களைப் பிரித்தறிதல், மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற முறையைத் தேர்தல், நான்காவது, பணி முடிந்தபின் ஆண்டுதோறும் பிணைப்பைச் சோதித்துப் பதிதல். முதற்படிக்குச் செலவு மிகக் குறைவு. எனினும் அதனைத் தவிர்த்தால் மற்றவற்றில் செலவிடும் பணம் தவறான சுவருக்குப் போய்ச் சேரலாம். அறுவைக்கூடத்தின் பக்கச் சுவரும், தொலைபேசி நிலையத்தின் மின்கல அறைச் சுவரும் இதே கணக்கில் அடங்குவனவே. அவற்றின் பொறுப்பில் உள்ள அலுவலர்களும் இந்த முதற்படியை இன்றே தொடங்கலாம்.