ஒரு வல்லூறு வாடகை

கேள்வி: ஐரோப்பியர்கள் விடுமுறை என்றாலே மால்டாவுக்கு ஓடுகிறார்களே, கடற்கரையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

பதில்: மணல் கடற்கரை அங்கே கொஞ்சம்தான், பெரும்பாலும் பாறைக்கரை. மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர். ஆனால் வரலாறு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தத் தீவைப் புனித யோவான் வீரர்கள் என்ற கிறித்தவப் படை அமைப்புக்குக் கொடுத்தார். வாடகை, ஆண்டுக்கு ஒரு வல்லூறு. மலிவுதான்! 1565-இல் துருக்கிய ஒட்டோமான் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் அவர்களை அசைக்க முடியவில்லை. அந்தப் போரில் வீரர்களை வழிநடத்திய தலைவர் வலெட்டின் பெயரில் அடுத்த ஆண்டே எழும்பத் தொடங்கிய நகரம்தான் தலைநகர் வலெட்டா.

அங்குள்ள புனித யோவான் பேராலயத்தைத் தவறவிடக் கூடாது. ரோமில் கொலை செய்துவிட்டுத் தப்பிவந்த ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த 'யோவானின் தலைவெட்டு' அங்கே ஒரு சுவரையே அடைத்து நிற்கிறது. கீழே சிந்திய ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அது. அதே ஆண்டு அடிதடியில் சிக்கிச் சிறைக்குப் போய், தப்பி ஓடினார். அந்த ஓவியம் இருந்த மண்டபத்திலேயே வீரர்கள் கூடி அவரைத் தங்கள் அமைப்பிலிருந்து விலக்கினார்கள்.

மால்டாவைச் சேர்ந்த கோசோ தீவிலுள்ள ஜகன்டியா கற்கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழையவை. பழைய சுற்றுலாப் படங்களில் வரும் 'நீல ஜன்னல்' பாறை வளைவைத் தேட வேண்டாம். 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. ஹைப்போஜியம் என்ற நிலத்தடிச் சமாதிக்குத் தினமும் சிலரைத்தான் விடுகிறார்கள். விமான டிக்கெட்டுக்கு முன்பே அதற்கான டிக்கெட்டை வாங்கிவிடுவது நல்லது.