ரிம்பா கியாரா: ஒரு பூங்காவின் வழக்கு

கோலாலம்பூரின் மேற்கு எல்லையில் புக்கிட் கியாரா என்னும் குன்று இருக்கிறது. பென்சாலா ஆறு இங்கேதான் பிறக்கிறது. பிறக்குமிடத்தில் அது ஒரு சிற்றோடை, தாண்டிவிடலாம். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலைக் கடந்து, பெட்டாலிங் ஜெயாவின் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே ஓடி, இறுதியில் கிள்ளான் ஆற்றில் கலந்துவிடுகிறது. குன்றின் அடிவாரத்தில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப்பூங்கா அமைந்துள்ளது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோர், மாலையில் பிள்ளைகளை அழைத்து வருவோர், மிதிவண்டியில் குன்றேறப் போவோர் என எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம் அது.

இந்தப் பூங்காவைப் பற்றிய ஒரு வழக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது. நகரில் ஒரு கட்டடம் எழும்போது அக்கம்பக்கத்து மக்களுக்கு அதில் பேச்சுரிமை உண்டா என்னும் கேள்விக்கு அந்த வழக்குதான் தெளிவான விடை தந்தது. ஆனால், வழக்கின் கதையைப் பூங்காவிலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். பூங்காவுக்கு முன்பு அங்கே ஒரு தோட்டம் இருந்தது.

புக்கிட் கியாரா ஒரு ரப்பர்த் தோட்டம். மற்றத் தோட்டங்களைப் போலவே அங்கும் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போவதும், பால் வாளியைச் சுமப்பதும், லயத்து வீட்டில் பிள்ளைகளை வளர்ப்பதுமாக அவர்களின் வாழ்க்கை நடந்தது. நகரம் வளர்ந்துகொண்டே வந்து தோட்டத்தின் வேலியைத் தொட்டது. 1973ஆம் ஆண்டில் மறைந்த துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயிலின் பெயரில் ஒரு புதிய குடியிருப்பு எழுந்தது. மிச்சமிருந்த தோட்ட நிலத்தை அரசாங்கம் பொதுப்பயனுக்காகக் கையகப்படுத்தியது. அந்த நிலத்தின் ஒரு பகுதி பின்னாளில் கோல்ஃப் திடலாகவும் குதிரையேற்றக் கழகமாகவும் மாறிப்போனது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. பொதுப்பயன் என்ற சொல் எவ்வளவு நீளும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

தோட்டம் போனபின் தொழிலாளர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வி புக்கிட் கியாராவுக்கு மட்டும் உரியதன்று. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோதே அது எழுந்தது. துன் வீ.தி.சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவது அவர் கண்ட வழி. எல்லாத் தோட்டங்களையும் அவ்வாறு காப்பாற்ற முடியவில்லை. நகரத்தின் விளிம்பில் இருந்த தோட்டங்களுக்கு நிலத்தின் விலையே எதிரியாயிற்று.

புக்கிட் கியாராத் தொழிலாளர் குடும்பங்கள் 1982ஆம் ஆண்டில் குன்றின் அடிவாரத்திலிருந்த நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட தற்காலிக வீடுகள் அவை. நிரந்தர வீடு பின்னர் கிடைக்கும் என்று அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. ஏறத்தாழ 100 குடும்பங்கள் அந்த வாக்கை நம்பிக் காத்திருந்தன. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தன, நெடுஞ்சாலை வந்தது. பிள்ளைகள் வளர்ந்து அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தனர். தற்காலிகம் மட்டும் தீரவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு பெருந்திட்டம் வந்தது. 2014ஆம் ஆண்டில் பூங்காவின் ஒரு பகுதி நிலம் கூட்டரசுப் பிரதேச அறவாரியத்திற்கு வழங்கப்பட்டது. அறவாரியம் ஒரு தனியார் மேம்பாட்டாளருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏறத்தாழ 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரை உயர்ந்த எட்டுக் கட்டடங்கள், அவற்றில் 1,766 சேவை அடுக்குமாடி வீடுகள். கூடவே 29 மாடிகள் கொண்ட ஒரு கட்டடத்தில் 350 மலிவு விலை வீடுகள். நீண்ட வீட்டு மக்களுக்கு அந்த 29 மாடிக் கட்டடத்தில் இடம் கிடைக்கும் என்பது ஏற்பாடு.

எண்களைச் சற்றுக் கூட்டிப் பார்க்கலாம். மொத்தம் 2,116 வீடுகள். வீட்டுக்கு ஒரு கார் என்றாலே 2,116 கார்கள், ஏற்கெனவே காலையும் மாலையும் நெரிசலில் தவிக்கும் சாலைகளில் இறங்கும். மழையின் கணக்கு இன்னும் முக்கியமானது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் மழை நாம் அறிந்ததே. 12 ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 24 இலட்சம் லிட்டர். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளம் ஏறக்குறைய நிரம்பிவிடும். நிலத்தில் புல்லும் மரமும் இருந்தால் அதில் ஒரு பங்கை மண் உறிஞ்சும். மீதி மெதுவாக ஓடைக்கு இறங்கும். சிமெண்டுத் தரையாக இருந்தால் அத்தனையும் கால்வாய் வழியே உடனே ஆற்றுக்கு ஓடும். ஆறு பிறக்குமிடத்தில் நேரும் மாற்றத்தை ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர்களும் சுமக்க நேரும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திட்டத்தைப் பற்றிய அறிவிப்புப் பலகை 2016ஆம் ஆண்டில் நடப்பட்டபோது தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் விழித்துக்கொண்டனர். மாநகர் மன்றத்துக்கு ஆட்சேபக் கடிதங்கள் எழுதினர், பூங்காவில் ஒன்றுகூடினர், வரைபடங்களையும் பழைய திட்ட ஆவணங்களையும் தேடி எடுத்துப் படித்தனர். கூச்சலைவிட இந்தப் படிப்புதான் பின்னர் அவர்களுக்குக் கைகொடுத்தது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020 என்னும் ஆவணம் 2004ஆம் ஆண்டில் அரசாங்கப் பதிவேட்டில் வெளியானது. நகரின் எந்தப் பகுதி குடியிருப்பு, எது வணிகம், எது பசுமை நிலம் என்று அது வகுத்துச் சொல்கிறது. ரிம்பா கியாரா அதில் பொதுத் திறந்தவெளி. அப்படியிருக்க, 54 மாடிக்கு இடம் எங்கிருந்து வந்தது?

அவர்களின் ஆட்சேபத்தை மீறி 2017 ஜூலை 13ஆம் நாள் கோலாலம்பூர் மேயர் மேம்பாட்டு அனுமதியை வழங்கினார். ஆட்சேபங்கள் ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்குக் காரணம் கூறப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அடுக்குமாடி நிர்வாகக் குழுக்களும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து நீதிமன்றத்தை நாடினர்.

2013ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரின் கெசி பூங்காவை அழித்துக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை எதிர்த்த மக்கள் வீதியில் திரண்டனர். கிளர்ச்சி துருக்கி நாடெங்கும் பரவியது. கோலாலம்பூரில் நடந்தது மெதுவான போராட்டம். தேதி குறிப்பதும், தள்ளிவைப்பதும், ஆவணம் சமர்ப்பிப்பதுமாக அது ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நீண்டது. இடையில் நாட்டில் ஆட்சி மாறியது. திட்டத்தைச் சிறிதாக்கும் பேச்சும் நடந்தது. குடியிருப்பாளர்கள் அதற்கு இணங்கவில்லை.

முதல் சுற்றில் அவர்கள் தோற்றனர். 2018 நவம்பர் 28ஆம் நாள் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரி 27ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றி, மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தனர். மாநகர் மன்றத் தரப்பு கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே 2023 ஏப்ரல் 18ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. நீதிபதி நளினி பத்மநாதன் வழங்கிய அத்தீர்ப்பு, அனுமதி செல்லாது என்பதை உறுதிப்படுத்தியது.

தீர்ப்பில் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. கட்டமைப்புத் திட்டம் அலமாரியில் அழகுக்கு வைக்கும் புத்தகம் அன்று; அது சட்ட வலிமை உடையது. அதிலிருந்து அதிகாரிகள் ஒருபோதும் விலகக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விலகுவதாக இருந்தால் தக்க காரணம் இருக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவர்களுக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றது. காரணம் சொல்லும் கடமை சிறிய கடமை போலத் தோன்றும். உண்மையில் அதுவே பெரியது. எழுதித் தர வேண்டும் என்ற நிலை வந்தால்தான் ஒருவர் தம் முடிவைத் தாமே ஒருமுறை சரிபார்ப்பார். வகுப்பில் விடையை மட்டும் எழுதாமல் செய்முறையையும் காட்டு என்று கணித ஆசிரியர் கேட்பதும் இதே நோக்கத்தில்தான்.

இன்னொன்று, இரட்டைப் பொறுப்பு. அனுமதி வழங்கும் மேயரே, திட்டத்தில் பங்கு கொண்ட அறவாரியத்தின் அறங்காவலர்களுள் ஒருவராகவும் இருந்தார். தனிப்பட்ட முறையில் அவர் ஒரு காசும் பெறவில்லை என்றாலும், விண்ணப்பிக்கும் தரப்பிலும் தீர்மானிக்கும் இடத்திலும் ஒருவரே அமர்வது முறையாகாது. வழக்குத் தொடுக்கும் தகுதி யாருக்கு உண்டு என்பதும் வாதிடப்பட்டது. ஒட்டியுள்ள நிலத்தின் உரிமையாளருக்கு மட்டுமே அந்த உரிமை என்ற குறுகிய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பூங்காவின் இழப்பு அதைச் சூழ்ந்து வாழ்பவர்களுக்கும் இழப்புதானே!

இந்தத் தீர்ப்பு கூட்டரசுப் பிரதேசத்தின் 1982ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வந்தது. சிலாங்கூரில் நடைமுறையில் உள்ளது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். அங்கும் திட்ட வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். ஸ்ரீ கெம்பாங்கானில் வசிக்கும் ஒருவர் சுபாங் ஜெயா மாநகராண்மைக் கழகத்தில் அதைப் பார்த்து, குறிப்பிட்ட நாளுக்குள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். கோலாலம்பூரின் 2040ஆம் ஆண்டுக்கான உள்ளூர்த் திட்ட வரைவும் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாறே காட்சிக்கு வைக்கப்பட்டது. அத்தகைய காட்சிக்குச் செல்வோர் பொதுவாகக் குறைவு. பலகை நட்டபின் பதறுவோரே மிகுதி.

இனி, நீண்ட வீட்டு மக்களிடம் திரும்புவோம். இந்த வழக்கை நல்லவர், தீயவர் என்று இரு கட்சியாகப் பிரித்துச் சொல்லிவிட முடியாததற்கு அவர்களே காரணம். திட்டம் வந்தால் வீடு வரும் என்பது அவர்களின் நம்பிக்கை. பூங்காவைக் காப்போம் என்று வசதி படைத்த குடியிருப்பாளர்கள் எழுந்தபோது, தங்கள் வீட்டைத் தட்டிப் பறிக்க வந்தவர்களாகவே அவர்களுட் சிலருக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஒரு பக்கம் நடைபாதையும் மரநிழலும். மறுபக்கம் ஒழுகாத கூரை. தராசில் இவற்றை வைத்தால் எது கனக்கும்?

குடியிருப்பாளர் தரப்பு இதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தது. நீண்ட வீடுகள் நிற்கும் நிலத்திலேயே அம்மக்களுக்கு நிரந்தர வீடுகளைக் கட்டித் தாருங்கள். அதை நாங்கள் எதிர்க்கவில்லை, ஆதரிக்கிறோம் என்றனர். ஏறத்தாழ 100 குடும்பங்களுக்கு வீடு தர 1,766 சேவை அடுக்குமாடிகள் எதற்கு என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். அதே நேரத்தில், பூங்காவுக்கு ஆபத்து வருவதற்கு முன் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நீண்ட வீடுகளைப் பற்றி நகரம் இவ்வளவு உரக்கப் பேசவில்லை என்பதும் உண்மை. வாக்குறுதியை நிறைவேற்றும் கடமை அரசாங்கத்துக்கு 1982ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. அதை ஒரு தனியார் திட்டத்தின் இலாபத்தோடு முடிச்சுப் போட்டதால், பாட்டாளிகளின் வீடும் பொதுமக்களின் பூங்காவும் ஒன்றுக்கொன்று பகை என்பதுபோல் ஆகிவிட்டது.

கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பால் 54 மாடிக் கட்டடங்கள் எழவில்லை. 350 மலிவு விலை வீடுகளும் எழவில்லை. தீர்ப்பு வந்த நாளில் அந்தக் குடும்பங்கள் நீண்ட வீடுகளிலேயே இருந்தன. 1982ஆம் ஆண்டில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்போது 46 வயது.