ஒலி ஒன்று, பொருள் வேறு

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து இக்கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், உதவித்தொகை வேண்டி ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதில் 'பிரின்சிபல்' என்ற சொல்லை 'எல்', 'ஈ' என்று முடித்திருந்தேன். ஆங்கிலப் பேராசிரியர் படித்துவிட்டுப் புன்னகைத்தார். "தம்பி, நீ முதல்வருக்கு எழுதவில்லை, கொள்கைக்கு எழுதியிருக்கிறாய்" என்றார். 'ஏ', 'எல்' என்று முடிந்தால்தான் அது முதல்வரைக் குறிக்குமாம். விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினேன். அன்றே ஒரு குறிப்பேடும் தொடங்கினேன். அதிலிருந்து சிலவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் பிழைகள் இரு வகைப்படும் என்பது குறிப்பேடு நிறைந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

முதல் வகை, ஆங்கிலேயர் வாயிலேயே ஒன்றுபோல் ஒலிப்பவை. 'ஸ்டேஷனரி' என்ற சொல்லில் 'ஆர்' எழுத்துக்கு முன் 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது என்று பொருள். 'ஈ' வந்தால் தாள், உறை முதலிய எழுதுபொருள்கள். இவ்விரண்டும் உறவுச் சொற்களே. ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரையே முற்காலத்தில் 'ஸ்டேஷனர்' என்றனர். அவ்வாறே 'காம்ப்ளிமென்ட்' என்பதில் 'எல்' எழுத்தை அடுத்து 'ஐ' வந்தால் பாராட்டு. 'ஈ' வந்தால் குறையை நிரப்பி முழுமையாக்குவது.

ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு எழுத்துக்கூட்டு? இரவைக் குறிக்கும் 'நைட்' வேறு. 'கே' எழுத்தில் தொடங்கி வீரனைக் குறிக்கும் 'நைட்' வேறு. அந்தக் 'கே' முன்பு வாயால் ஒலிக்கப்பட்ட எழுத்தே. 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின், எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல நிலைபெற்றது. பேச்சொலியோ மாறிக்கொண்டே சென்றது. ஒலி மறைந்தும் எழுத்து நின்றுவிட்டது.

இரண்டாம் வகை, ஆங்கிலேயர் வேறுபடுத்தி ஒலித்தும் நம் செவி ஒன்றாகக் கேட்பவை. விலையும் 'பிரைஸ்', பரிசும் 'பிரைஸ்' என்கிறோம். தளர்ந்ததும் 'லூஸ்', இழப்பதும் 'லூஸ்'. அறிவுரையும் 'அட்வைஸ்', அறிவுரை கூறுவதும் 'அட்வைஸ்'. உண்மையில் பரிசு, இழத்தல், அறிவுரை கூறல் ஆகிய மூன்றிலும் கடைசி ஒலி வண்டின் ரீங்காரம் போன்றது. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும். மற்ற மூன்றில் அது இராது. அந்த அதிரும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஆகவே நாம் அதைக் கேளாமலே கடந்துவிடுகிறோம்.

நோய் இரண்டாயின் மருந்தும் இரண்டன்றோ? முதல் வகையைக் கண்ணால் பார்த்து, எழுதி எழுதிப் பழக வேண்டும். இரண்டாம் வகையைக் காதால் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பயனில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'விலை, விளை, விழை' என்ற மூன்றையும் பிரித்தொலிக்க நம் மொழி பயிலும் அயலாரும் திணறவே செய்வர். ஆனால் பிழை வந்துவிடுமோ என்றஞ்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட நண்பர்கள் என் வகுப்பில் உண்டு. பிழையுடன் எழுதிய எனக்குத் திருத்த ஓர் ஆசிரியர் கிடைத்தார். எழுதாத தாளை யார் திருத்த முடியும்?