“பிரேக் பிடிக்கவில்லை” என்று மட்டும் சொல்லாதே

தங்கச்சி, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வேலைக்குப் பழைய மைவியில் போய்வரப் போகிறாய் என்று அம்மா சொன்னார். ஏர்கான், சீட் கவர், பாட்டுப் பெட்டி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிரேக் பற்றிப் பேசுவோம்.

மைவி சந்தைக்கு வந்தது 2005-இல். கஞ்சில் உற்பத்தி 2009-இல் நின்றது. ஆக, சாலையில் இன்னும் ஓடும் எந்தக் கஞ்சிலுக்கும், முதல் வரிசை மைவிகளுக்கும் வயது நிறையவே ஆகிவிட்டது. விற்பவர் “கிலோமீட்டர் கம்மி, வீட்டிலேயே நின்ற கார்” என்பார். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதே. பிரேக்கின் மாஸ்டர் பம்புக்குள்ளும் பின்சக்கர டிரம்முக்குள்ளும் இருக்கும் ரப்பர்கள் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் இறுகும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. பிரேக் ஒருமுறை ஏமாற்றியது, வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒழுங்காகப் பிடிக்கிறது, ஃபோர்மேன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடுகிறார். பெண்பிள்ளை போனால் இன்னும் சீக்கிரமாக அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், “பிரேக் பிடிக்கவில்லை” என்று மட்டும் சொல்லாதே. உன் காலுக்கு என்ன தெரிந்தது என்று சொல். அதைக் கேட்டால் எதைக் கழற்றிப் பார்ப்பது என்று நல்ல ஃபோர்மேனுக்குப் புரிந்துவிடும்.

சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மாஸ்டர் பம்பின் உள்ரப்பர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஆயில் கசியலாம். பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பெடல் கல்லாக இறுகி, எவ்வளவு மிதித்தும் கார் தயங்கித் தயங்கி நின்றால் பூஸ்டரையோ அதற்குப் போகும் வேக்கம் குழாயையோ பார்க்க வேண்டும். கார் ஒரு பக்கமாக இழுத்தால் ஒரு சக்கரத்தில் கேலிப்பர் சிக்கியிருக்கலாம். கீச்சென்ற சத்தம் பேட் முடியப் போவதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம்; கரகரவென்று இரும்பு உரசினால் பேட் ஏற்கெனவே முடிந்துவிட்டது. எப்போது நடந்தது, மழையா, இறக்கமா, எஞ்சின் சூடாக இருந்ததா என்று போனில் அன்றைக்கே குறித்துவை.

இறக்கம் என்றதும் கெந்திங் ஞாபகம் வருகிறது. 2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி அங்கிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அது பெரிய வண்டிதான். ஆனாலும் நீண்ட இறக்கம் முழுக்கக் காலை எடுக்காமல் மிதித்தால் நம் சின்னக் காரின் பிரேக்கும் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த எல்லை வெறும் 140 டிகிரிதான். கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும், மிதித்த பெடல் தரையைத் தொடும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பெடல் திரும்பி வந்துவிடும். வொர்க்‌ஷாப்பில் “ஒன்றுமில்லை” என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றிப் புதிதாக மாற்றச் சொல். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே கேள். பவர் ஸ்டியரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது. ரப்பரெல்லாம் ஊதிப் பாழாகிவிடும். கெந்திங்கிலிருந்து இறங்கும்போது ஆட்டோ காராக இருந்தாலும் கீழ் கியருக்கு மாற்று. எஞ்சின் உறுமட்டும், அது தப்பில்லை.

டேஷ்போர்டில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக்கைப் பார். அது இறங்கியிருந்தும் எரிந்தால் ஆயில் குறைந்திருக்கலாம். குறைந்த ஆயில் எங்கே போனது என்று தெரியாமல் ஊற்றி ஓட்டாதே. ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் கசிகிறது. பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதி. அது இறுகியதும் மிதித்தபடியே ஸ்டார்ட் செய். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகும் அரை நிமிடம் அழுத்திப் பிடி. இறங்கிக்கொண்டே போனால் அன்றைக்கு கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போ.

சாமான் விஷயத்தில் அக்கா கண்டிப்பாக இருப்பேன். ஹாஃப் கட் கடையில் கதவு வாங்கலாம், விளக்கு வாங்கலாம். பேட், ஷூ, பிரேக் ஹோஸ், மாஸ்டர் பம்ப் ரப்பர் இவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் சிரிம் முத்திரை பார்த்து. பேட் மாற்றினால் இடது வலது இரண்டும் சேர்த்தே மாற்று. கழற்றிய பழைய பேட்டை உன் கையில் தரச் சொல்லிப் பார்.

இன்னும் கார் கைமாறவில்லை என்றால் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துவிடு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நாம் பார்த்தோமே. சேற்றுத் தண்ணீரில் நின்ற காரில் பிரேக் குழாயும் ஏபிஎஸ் இணைப்புகளும் துருப்பிடித்துப் பிற்பாடு தொல்லை தரும். சீட் தண்டவாளத்தில் துரு, கம்பளத்தடியில் மண் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் பரிசோதனை உண்டு. ஆனால் அது அன்றைய நிலைமைக்கு மட்டுமே சாட்சி. தனியார் காருக்கு நம் நாட்டில் வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை, அதனால் அடுத்த வருடச் சோதனையை நீயே நாள் வைத்துச் செய்துகொள்ள வேண்டும்.

சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று நிறுவன சர்வீஸ் சென்டரில் விசாரி. முந்திய உரிமையாளர் செய்யாமல் விட்டிருக்கலாம். ஓட்டுபவர்களின் புகாருக்கு மதிப்பில்லை என்று நினைக்காதே. 2010 பிப்ரவரியில் டொயோட்டா பிரியஸ் உள்ளிட்ட 4 லட்சத்துக்கும் அதிகமான ஹைபிரிட் கார்களை பிரேக் குறைக்காக உலகெங்கும் திரும்ப அழைத்தது. அதற்குமுன் பிரேக் ஒரு கணம் நழுவுகிறது என்று உரிமையாளர்கள் விடாமல் சொல்லிவந்தார்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒருநாள் பெடல் தரைக்குப் போய்விட்டால் வேகமாக மிதித்து மிதித்து எடு. பிரேக் இரண்டு பாதைகளாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றொன்று கொஞ்சம் பிடிக்கும். கியரை ஒவ்வொன்றாக இறக்கு. ஹசார்ட் விளக்கைப் போட்டு ஹாரனை அடி. ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி சிறுகச் சிறுக இழு, ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக் கார் சுழன்றுவிடும். சாவியை மட்டும் திருப்பி அணைக்காதே. பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும். ஃபெடரல் ஹைவேயில் இடதுபக்கம் ஒதுங்கும்போது மோட்டார் சைக்கிள் பாதையின் வாய்களில் ஆள் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள். நின்றதும் தடுப்புக்கு அப்பால் போய் நின்று இழுவை வண்டிக்குச் சொல். உன் காப்புறுதியில் அந்தச் சேவை சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எண்ணைப் பதிந்துவை. ஆறிய பிறகு பெடல் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதே.