சமூகவியலைத் தொடர்ந்து படிக்கலாமா?
பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்



மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புகளில் சமூகவியலும் ஒரு பாடம். அதை எடுத்த பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் ஒரு குழப்பம் உண்டாகிறது. கல்லூரியிலும் இதையே தொடரலாமா? அல்லது விட்டுவிட்டு வணிகவியலோ கணினியோ படிக்கலாமா? வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “அது சோறு போடுமா?”

இக்கேள்வி தவறன்று. வாடகையும் வட்டியும் கட்டும் குடும்பம் இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் இது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலாவதாகக் கேட்க வேண்டியது யாதெனில், “அந்தப் படிப்பின் வேலை என்ன? அவ்வேலை இந்தப் பிள்ளைக்கு ஒத்துவருமா?” என்பதே.

வேலை என்ன?

மனிதர் கூடி வாழும் முறையை, அதாவது குடும்பம், சாதி, தொழில், சமயம், ஊர் ஆகியவற்றை, நேரில் கண்டு, விசாரித்து, எண்ணிப் பார்த்து, காரணம் தேடுவதே சமூகவியல். ஓர் உதாரணத்தால் இது விளங்கும்.

தாம்பரத்தின் ஊடே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கு நோக்கிப் போனால், விழுப்புரத்துக்கு அப்பால் இருவேல்பட்டு என்ற கிராமம் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் விசாரித்து எழுதினார்கள். அது 1918-இல் நூலாயிற்று. அக்கிராமங்களுள் இருவேல்பட்டும் ஒன்று. அங்கே ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கமும், கடனால் கட்டுண்ட படியாட்களின் உழைப்பும் அன்று பதிவாயின.

பின்னர் 1937-இல் வேறு ஆய்வாளர்கள் ஸ்லேட்டரின் கிராமங்களுக்குத் திரும்பிச் சென்றார்கள். இருவேல்பட்டில் 2008-இலும் மறு ஆய்வு நடந்தது. அதற்குள் படியாள் முறை மறைந்திருந்தது. பிழைப்புக்கு விவசாயம் ஒன்றையே நம்பும் நிலை மாறியிருந்தது. நிலக்கிழாரின் பிடி தளர்ந்திருந்தது. ஆயினும் வறுமை முற்றும் ஒழியவில்லை. “காலம் மாறிவிட்டது” என்று திண்ணையில் யாரும் சொல்லலாம். எது மாறியது, எது மாறவில்லை, யாருக்கு மாறியது என்று காட்டுவதற்கு, அன்று வெயிலில் வீடு வீடாகப் போன மாணவர்களின் குறிப்பு வேண்டியிருந்தது. ஸ்லேட்டர் பொருளாதாரப் பேராசிரியரே. எனினும் சமூகவியல் மாணவன் பழக வேண்டிய கள ஆய்வும் இத்தகையதே.

மனச்சோதனை

பிள்ளைகளே, தனித்திருந்து இந்நான்கு கேள்விகளுக்கும் உண்மையாய் விடை எழுதுங்கள்.

முதலாவது: பள்ளியில் 20 மதிப்பெண்ணுக்கு வைத்த ஆய்வுத் திட்டத்தை எப்படிச் செய்தீர்கள்? நான்கு பேரை நேரில் கண்டு கேட்டீர்களா, கணினியிலிருந்து எடுத்து ஒட்டினீர்களா? தேர்வுத் தாளின் 80 மதிப்பெண்ணைவிட இந்த 20-தான் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

இரண்டாவது: கணக்குக்குப் பயந்து இப்பாடத்துக்கு வந்தீர்களா? அப்படியானால் எச்சரிக்கை. மேற்படிப்பில் புள்ளியியல் காத்திருக்கிறது.

மூன்றாவது: பிறருக்கு உதவ வேண்டும் என்பதே உங்கள் ஆசையா? நல்ல ஆசை. ஆனால் அதற்குரிய நேர்வழி சமூகப்பணிக் கல்வி. சமூகவியல் முதலில் அறியச் சொல்கிறது. சமூகப்பணி கைகொடுக்கப் பழக்குகிறது. இரண்டும் உறவினரே, ஒன்றல்ல.

நான்காவது: உங்கள் சொந்த வீட்டையும் சாதியையும் திருச்சபையையும் பற்றிக் கசப்பான உண்மை வெளிப்பட்டால் தாங்குவீர்களா? தமிழகத்தில் சில கல்லறைத் தோட்டங்களில்கூடச் சாதிச் சுவர் எழுந்ததுண்டு. அதைக் காணாததுபோல் கடந்துபோகும் கண் இப்படிப்புக்கு உதவாது.

“இதனால் விசுவாசம் குன்றாதா?” எனச் சில பெற்றோர் அஞ்சலாம். திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1961-இல் வெளியிட்ட ‘மாத்தெர் எத் மஜிஸ்திரா’ என்ற சுற்றுமடலில், பார்த்தல், தீர்மானித்தல், செயல்படுதல் என்னும் மூன்று படிகளை இளைஞருக்குப் பரிந்துரைத்தார். சரியாகப் பாராதவன் சரியாகத் தீர்மானிப்பது எங்ஙனம்? அந்த முதற்படிக்கே இக்கல்வி பயிற்சி.

சோறு போடுமா?

ஒளிக்காமல் சொல்வோம். மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் மட்டும் நேரே ஒரு தொழிலில் கொண்டுபோய் உட்கார்த்தாது. கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வு போன்றவையும் வேண்டும். மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ சமூகப்பணியாளராக விரும்புவோர் முதுகலைச் சமூகப்பணி படிக்கலாம்; 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளி எழும்பூரிலேயே இருக்கிறது. பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பும் உண்டு. குடிமைப்பணித் தேர்வில் சமூகவியல் ஒரு விருப்பப் பாடம். ஆக, பெரும்பாலோருக்கு இது ஐந்தாறு ஆண்டுக் கணக்கு.

பெற்றோரே, மூன்றாம் ஆண்டு முடிவில் பிள்ளை சம்பாதித்தே தீரவேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால், கடன் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று பிள்ளையிடம் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். “உருப்படாத படிப்பு” என்று பழிக்காதீர்கள். கணக்கைக் கண்ட பிள்ளை புரிந்துகொள்ளும். ஏளனத்தைக் கண்ட பிள்ளை மனதை மூடிக்கொள்ளும்.

ஒரு மாதப் பயிற்சி

இன்னும் ஐயம் தீராத பிள்ளைகள் இதைச் செய்து பாருங்கள். 1931-இல் மின்சார ரயிலும் 1984-இல் ஏற்றுமதி மண்டலமும் வந்த ஊர் இது, 2021-இல் மாநகராட்சியாயிற்று. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் பலர். உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குப் போய், பெரியவர்களிடம் அனுமதி பெற்று, மூன்றே கேள்விகள் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து எப்போது வந்தீர்கள்? குடியிருக்க முதல் வீடு யார் மூலம் கிடைத்தது? முதல் வேலை யார் மூலம் கிடைத்தது? பெயர்களை எழுத வேண்டாம். கேட்கப் போகுமுன், என்ன விடை வரும் என்று நீங்கள் எண்ணுவதைத் தனித்தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள்.

பத்தாம் வீடு முடிந்ததும் அத்தாளைப் பிரித்துப் பாருங்கள். நினைத்தது ஒன்று, கண்டது ஒன்று என்றிருக்க, அதில் மனம் கிளர்ந்து பதினோராம் வீட்டுக்கும் போகத் தோன்றினால் தொடர்ந்து படியுங்கள். எப்போது முடியும் என்றிருந்தால் வேறு படிப்புக்குப் போங்கள், அது தோல்வியன்று. செவிலியரானாலும் கடைக்காரரானாலும், எதிரில் நிற்பவர் எவ்விடத்திலிருந்து எப்பாரம் சுமந்து வந்தார் என்று கேட்கக் கற்ற பிள்ளைக்கு, இரண்டு ஆண்டுப் படிப்பு வீண்போகாது.