வெள்ளென எழும்புவோருக்குப் பூசணி காய்க்கும்

கொட்டிலைச் சுற்றி நட்ட நாலு பூசணிக்கொடியும் நிறையப் பூக்கின்றன, ஆனால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது என்று பலர் முறையிடுகின்றனர். பசளை போதாது என்றே எண்ணுகின்றனர். பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும். ஆண்பூ நீண்ட காம்பில் நிற்கும். இரண்டும் விடியும் வேளையில் விரிந்து, வெயில் ஏறச் சுருங்கிவிடும். மறுநாள் அந்தப் பூ மலராது. தேனீ குறைந்த இடத்தில் அதன் வேலையை நாமே செய்யவேண்டும். காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், அன்று மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுத்தண்டிலுள்ள மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். கூலி வேலைக்குப் புறப்படுமுன் பத்து நிமிடம் போதும், பிள்ளைகளும் செய்வார்கள்.

தண்ணீரையும் அப்போதே, பூவில் படாமல், அடியில் ஊற்றுங்கள். வெயிலில் வீணாவது குறையும். (இயேசு இருட்டோடே எழுந்து செபித்தார் என மாற்கு எழுதுகிறார். கிணற்றடியில் சனம் கூடுமுன் நமக்கும் அந்த அமைதி கிடைக்கும்.)

முற்றிய காயைக் காம்போடு வெட்டி நிழலில் வைத்தால் இரண்டு மாதமாவது கெடாது. கையில் காசில்லாத நாளுக்கு அது கறி.

தடவிய பூவின் அருகே ஒரு குச்சி நடுங்கள். ஒரு கிழமைக்குள் பிஞ்சு பருத்தால் காய் பிடித்துவிட்டது.