புட்டியைத் திருப்பிப் படி

மதுரை

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி, லேபிளில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் படித்துவிட்டேன். மூக்கில் கரும்புள்ளிகள், தாடையோரம் அவ்வப்போது பரு, பரு போன பிறகும் மாதக்கணக்கில் போகாத கறை. இவற்றுக்காக முகத்தில் தடவும் அமிலத் திரவம் ஒன்று வாங்க நினைக்கிறாய். பாலாஸ் சாய்ஸின் 2 சதவீத சாலிசிலிக் அமிலம் ஒன்று, காஸ்ஆர்எக்ஸின் 4 சதவீத பீட்டெய்ன் சாலிசிலேட் ஒன்று, தோழி சொன்னாள் என்று 30 சதவீத சிவப்பு நிற பீலிங் திரவம் ஒன்று. "எண் பெரிசா இருக்கிறதுதானே பெரியம்மா சீக்கிரம் வேலை செய்யும்?" என்று கேட்டிருக்கிறாய்.

இல்லை, கண்ணு. மருந்தாளுநராக வேலை பார்த்த காலமெல்லாம் லேபிள் படித்தே பழகிய நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: முன்பக்கத்து எண்ணை மட்டும் வைத்து இந்தப் பொருள்களை ஒப்பிடவே முடியாது. எந்த அமிலம், எவ்வளவு, எந்தப் பி.எச். அளவில், எவ்வளவு நேரம் தோலில் நிற்கிறது, கூட என்னென்ன இருக்கிறது. இந்த ஐந்தும் தெரிந்தால்தான் ஒப்பிடலாம்.

முதலில் அமிலம் என்ன செய்கிறது என்று பார். மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேலே வந்து, செத்து, உதிர்கின்றன. உதிராமல் ஒட்டிக்கொண்டவைதான் முகத்தை மங்கலாக்கி, துளைகளையும் அடைக்கின்றன. அந்த ஒட்டுதலைத் தளர்த்துவதுதான் இந்த அமிலங்களின் வேலை. அமெரிக்காவில் யூஜின் வான் ஸ்காட் என்ற தோல் மருத்துவரும் ரூய் யூ என்ற ஆய்வாளரும், மீன் செதில் போலத் தோல் தடிக்கும் இக்தியோசிஸ் நோய்க்கு ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்கள் உதவுவதை 1974-இல் எழுதினார்கள். நோய்க்காகத் தொடங்கியதுதான் பின்னால் அழகுசாதனக் கடைக்கு வந்தது.

இந்த அமிலங்களை மூன்று குடும்பங்களாக நினைவில் வைத்துக்கொள். ஆல்ஃபா ஹைட்ராக்சி குடும்பத்தில் கிளைகோலிக், லாக்டிக், மாண்டலிக் ஆகியவை முக்கியமானவை. நீரில் கரைபவை, தோலின் மேற்பரப்பில் வேலை செய்பவை. இவற்றில் கிளைகோலிக்கின் மூலக்கூறு எடை 76, லாக்டிக் 90, மாண்டலிக் 152. மூலக்கூறு சிறியதாக இருந்தால் வேகமாக உள்ளே போகும், எரிச்சலும் அதிகமாக இருக்கும். அதனால்தான் கறை எளிதில் விழும் நம் நிறத்தோலுக்கு மாண்டலிக்கையோ லாக்டிக்கையோ முதலில் சொல்வேன். பீட்டா குடும்பத்தில் நமக்கு வேண்டியது சாலிசிலிக் ஒன்றுதான். அது எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய் அடைத்த துளைக்குள் இறங்கும். கரும்புள்ளிக்கும் பருவுக்கும் ஏற்றது. மூன்றாவது பாலி ஹைட்ராக்சி குடும்பம்: குளுக்கோனோலாக்டோன், லாக்டோபயோனிக் அமிலம். பெரிய மூலக்கூறுகள், மெதுவாக வேலை செய்யும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். எதைத் தடவினாலும் எரிகிறது என்பவர்களுக்கு அது நல்லது. உன் தொல்லை துளையில் இருப்பதால் சாலிசிலிக் பக்கம் நீ போனது சரிதான்.

அடுத்தது அளவு. நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தித்தான் லேபிளில் போட வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளுக்கு ஐரோப்பிய விதியில் உச்சவரம்பு 1 சதவீதம். ஆகவே வழக்கமாக அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'லாக்டிக் அமிலத்துடன்' என்று போட்டு, பின்பக்கம் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பிறகு லாக்டிக்கைப் போட்டிருந்தால், அந்தப் புட்டியைத் திரும்ப வைத்துவிடு.

இதைவிட முக்கியமானது பி.எச்., அதாவது புளிப்பின் அளவுகோல். எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைக் கொட்டினால் பொங்கி, புளிப்பு அடங்கிவிடுகிறதல்லவா, அதே கணக்குத்தான் இங்கேயும். காரம் சேர்த்துப் பி.எச்.-ஐ உயர்த்தும்போது அமிலத்தின் ஒரு பகுதி உப்பாக மாறிவிடும். தோலுக்குள் எளிதில் புகுந்து வேலை செய்வது மாறாமல் மிஞ்சும் பகுதிதான். கிளைகோலிக்குக்கு 3.8 என்ற பி.எச்.-இல் ஏறக்குறைய பாதி மிஞ்சும், 4.8-இல் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அப்படியானால், 4.8-இல் இருக்கும் 10 சதவீதப் புட்டியைவிட 3.8-இல் இருக்கும் 5 சதவீதப் புட்டிக்கு வீரியம் அதிகம். முன்பக்கத்து எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. பி.எச். எவ்வளவு என்று லேபிளிலோ கம்பெனியின் விவரத்திலோ சொல்லியிருக்கிறதா என்று தேடு. கேட்டும் சொல்லாத கம்பெனியின் பொருள் வேண்டாம்.

இப்போது உன் முதல் இரண்டு புட்டிகளுக்கு வருவோம். பாலாஸ் சாய்ஸின் பட்டியல் சின்னது: நீர், மெத்தில்புரொப்பேன்டையால், பியூட்டிலீன் கிளைகால், சாலிசிலிக் அமிலம், பாலிசார்பேட் 20, பச்சைத் தேயிலைச் சாறு, சோடியம் ஹைட்ராக்சைடு, கடைசியில் டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. நீரில் எளிதில் கரையாத சாலிசிலிக்கைக் கரைத்து வைக்கத்தான் நீருக்கு அடுத்து வரும் அந்த இரண்டு கிளைகால்களும். சோடியம் ஹைட்ராக்சைடு என்றதும் பயப்படாதே, பி.எச்.-ஐச் சரிசெய்யச் சேர்த்த துளிதான் அது.

காஸ்ஆர்எக்ஸில் முதலில் வில்லோ மரப்பட்டை நீர், பிறகு பியூட்டிலீன் கிளைகால், பீட்டெய்ன் சாலிசிலேட், நியாசினமைடு, பின்னால் அர்ஜினின், பாந்தினால். பட்டை நீர் என்று முதலில் வருவதால் அதற்குத் தனிச் சக்தி என்று நினைத்துவிடாதே. அந்தப் பட்டையில் இருப்பது சாலிசின். அதை அளந்து சேர்த்த சாலிசிலிக் அமிலத்துக்குச் சமமாக எண்ணக் கூடாது. நீருக்குப் பதிலாக நிற்கும் நீர், அவ்வளவே.

நான்கு இரண்டைவிடப் பெரிசா என்ற உன் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார். சாலிசிலிக்கின் மூலக்கூறு எடை 138, பீட்டெய்னுடையது 117. இரண்டும் சேர்ந்ததுதான் பீட்டெய்ன் சாலிசிலேட்; அந்த 255-இல் சாலிசிலிக்கின் பங்கு ஏறக்குறைய 54 சதவீதம். ஆகவே 4 சதவீத பீட்டெய்ன் சாலிசிலேட்டில் இருக்கும் சாலிசிலிக் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரண்டு புட்டிகளும் அமில அளவில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. வித்தியாசம் கூட வரும் பொருள்களில் இருக்கிறது. நியாசினமைடு கறை மங்க உதவும், பாந்தினால் தோலை ஆற்றும். இரண்டிலும் வாசனைத் திரவியமோ ஆல்கஹாலோ இல்லை, அது நல்ல அறிகுறி. வேறு எந்தப் புட்டியைப் பார்த்தாலும் பட்டியலின் முன்வரிசையில் ஆல்கஹால் டினாட், எங்கேயாவது மென்தால், பெர்ஃப்யூம் இருக்கிறதா என்று பார். அமிலம் தடவும் தோலுக்கு அவை வீண் எரிச்சல். நம் ஊர்க் கம்பெனிகளும் 2 சதவீத சாலிசிலிக் சீரம் விற்கின்றன. இதே கணக்கில் படித்துப் பார்த்து, ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்றும் வகுத்துப் பார்.

மூன்றாவது புட்டி, ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்கள் 30 சதவீதம் உள்ள அந்தச் சிவப்புத் திரவம், உனக்கு வேண்டாம். அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1998-இல் வெளியிட்ட முடிவு இது: வீட்டில் பயன்படுத்தும் கிளைகோலிக், லாக்டிக் பொருள்கள் 10 சதவீதத்துக்குள்ளும், பி.எச். 3.5-க்குக் குறையாமலும் இருந்தால் பாதுகாப்பானவை, வெயிலிலிருந்து காப்பும் வேண்டும். 30 சதவீதம் வரை போவது பயிற்சி பெற்றவர் கையால், சிறிது நேரம் மட்டும் தடவிக் கழுவுவதற்கு. உன் குளியலறையில், இரவு பதினொரு மணிக்கு, போனைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை அது. அளவு மீறி எரிந்த இடத்தில் நம் தோல் கறுத்துத்தான் ஆறும். எந்தக் கறையைப் போக்க வாங்கினாயோ அதே கறையை நீயே வரவழைத்ததாக ஆகும்.

'இயற்கை' என்ற பெயரில் வருபவற்றிலும் கவனமாக இரு. கரும்புச் சாறு, பழ அமிலம் என்று லேபிளில் போட்டிருந்தால், அதில் எவ்வளவு அமிலம் என்று அந்தப் பெயரை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பட்டியலின் கடைசியில் வரும் சிட்ரிக் அமிலம் பெரும்பாலும் பி.எச்.-ஐச் சரிசெய்யத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாள் என்று எலுமிச்சம்பழத்தை மட்டும் முகத்தில் தேய்க்காதே. அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது, அந்தத் தோலோடு வெயிலில் நின்றால் கொப்புளமும் கருமையும் வரலாம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பொறு. பிறகு வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டும். நன்றாக உலர்ந்த முகத்தில் தடவி, மேலே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். தடவியதும் லேசாகச் சுருக்கென்றால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் சிவந்து, வெந்நீர் பட்டால் எரிந்தால் நிறுத்திவிடு. அந்த இரவுகளில் ஸ்க்ரப் வேண்டாம், ரெட்டினாலும் வேண்டாம். த்ரெடிங், வேக்சிங் செய்த அன்றும் வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இவற்றில் எதையும் தொடாதே. ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்கள் தோலை வெயிலில் எளிதில் சுட வைக்கும் என்பதால், அந்த எச்சரிக்கையை லேபிளில் போடும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் வழிகாட்டியது. சாலிசிலிக்குக்கும் அதே ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பதுதான் நல்லது. சென்னை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் நீ. தினமும் காலையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் தாராளமாகத் தடவு. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் இந்த மாதம் சன்ஸ்கிரீன் மட்டும் வாங்கு. அமிலம் அடுத்த மாதம் வரட்டும்.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக்கைத் தொடக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொட வேண்டும். உன் அண்ணியிடமும் சொல். கறை சீக்கிரம் போகும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தரும் கிரீம்களை வாங்காதே. அவற்றில் பலவற்றில் மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளிச்சென்று தெரியும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, சிவந்து, கிரீமை விட்டால் எரியும் நிலைக்கு வரும். அப்படிப்பட்ட முகங்களை மருந்து வழங்கும் ஜன்னலில் நிறையப் பார்த்துவிட்டேன். உன்னை அந்த வரிசையில் பார்க்க எனக்கு மனசு வராது. பரு பெரிதாகி வலித்தாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ தோல் மருத்துவரிடம் போ. அந்தப் பணம் வீண் செலவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டாய். பரு போன இடத்தில் கறை நிற்கும் தோல் உனக்கு, அமிலமும் இதுவே முதல் தடவை. ஆகவே நியாசினமைடும் பாந்தினாலும் கூட இருக்கும் பீட்டெய்ன் சாலிசிலேட் புட்டியை வாங்கு. இரண்டு மாதம் ஒழுங்காகத் தடவியும் கரும்புள்ளி குறையவில்லை என்றால், அமில அளவு நெருக்கம்தான் என்றாலும், அப்போது இதை விட்டு 2 சதவீத சாலிசிலிக்கை முயன்று பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு புட்டிதான். எது வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா